குளிருக்கு வழிவிட்டவருக்கு

பனிக்கும் பழத்துக்கும் நடுவே முப்பத்தொரு ஆண்டுகள் காவல் நின்றவரே! விடியுமுன் எழுந்து, சரிவில் மூன்று இடங்களில் தொங்கும் வெப்பமானிகளைப் பார்த்து, ஒரு நாளும் விடாமல் குறித்து வைத்தவரே! ‘பாதரசம்’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்தபோதும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்த எங்கள் அக்கா! பணி ஓய்வு பெறும் தங்களை அன்போடு வணங்குகிறோம்.

இப்பள்ளத்தாக்கின் பகல் வெயில் ஒயின் திராட்சைக்கு இனிப்பைத் தருகிறது. மலையிலிருந்து இறங்கும் இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காக்கிறது. அதே குளிர் தளிர் விடும் மாதத்தில் உறைபனியாக வந்தால் கொடியைக் கருக்கிவிடும். இவையெல்லாம் தாங்கள் சொல்லித் தெரிந்தவை. தவறாக எழுதியிருந்தால், வழக்கம்போல் பென்சிலால் திருத்திவிடுங்கள்.

புதிதாக வந்தவர்கள் மதில் கதையைக் கேட்டதில்லை. அவர்களுக்காக இங்கே சொல்கிறோம்.

சரிவின் அடியில் இருந்த பன்னிரண்டு வரிசைக் கொடிகள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தளிரிலேயே கருகின. பிடுங்கிவிடச் சொன்னார் முதலாளி. அக்கா வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் தன் கையால் நட்ட கொடிகள் அவை, மனசு கேட்கவில்லை. ஒரு விடியலில் மேட்டில் ஈர வைக்கோலைக் கொளுத்தினார். புகை தரையோடு ஊர்ந்து இறங்கி, அடியில் கதவு சாத்தியிருந்த மதிலில் முட்டி, போக வழியின்றித் தேங்கியது. முதலாளியைக் கூட்டிவந்து காட்டினார்.

“குளிரும் இப்படித்தான் தேங்குது ஐயா. மதில் கதவத் திறந்து வைங்க, போயிடும்.”

“ஏம்மா, குளிர் என்ன கோழியா, கதவத் திறந்தா வெளிய ஓட?”

“ஓடும். ஓடலன்னா கொடிங்களோட சேத்து என்னையும் பிடுங்கிடுங்க.”

கதவு திறந்தது. அடுத்த உறைபனியில் ஏழு வரிசை தப்பியது; ஐந்து கருகியது. யாராவது போய்ச் சொல்லுமுன் அக்காவே முதலாளி முன் நின்றார்.

“நான் சொன்னது பாதிதான் சரி ஐயா. அவ்வளவு குளிருக்கு அந்த வாசல் போதல.”

முதலாளி தப்பிய வரிசைகளை எண்ணிப் பார்த்தார்.

“ஏழு நிக்குதேம்மா. கடப்பாரை எங்க இருக்கு?”

அன்று மதில் இடிந்தது. கொடிகளும் பிழைத்தன, அக்காவும் பிழைத்தார். பன்னிரண்டு வரிசையும் இன்றுவரை காய்க்கின்றன.

அக்கா! சரியாகச் சொன்னதற்காகத் தங்களை மதித்தோம். பாதிதான் சரி என்று தாங்களே போய்ச் சொன்னதற்காகத்தான் தங்களை நேசித்தோம். இனி விடியலில் போர்வைக்குள்ளேயே இருங்கள். முழங்கால் வலி குறைந்து, நல்ல உறக்கமும் நெடிய ஆயுளும் பெற்று வாழுங்கள். இம்மடலுக்கு எங்கள் தச்சர் போட்டிருக்கும் சட்டம், அன்று கழற்றிய கதவின் மரம். அந்த இடத்தில் இன்னும் கதவு கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
தோட்டத்திலும் பிழியும் கூடத்திலும்
தங்களோடு உழைத்தவர்கள்