சனிக்கிழமை தோறும் கதவைத் தட்டியவர்

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, பாதிரியார் அவர்களே, கறுப்பு உடுத்தி வந்திருக்கும் எங்கள் மலைச்சரிவுத் தெருக்காரர்களே! வணக்கம்.

வட்டாரக் குழுத் தலைவி நேவா ரதோலோவிச் மறைந்துவிட்டார். அழுவதற்குத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பல்லவா முந்திக்கொண்டு வருகிறது!

பழைய டயர்களோடு கப்பலேறி நம் இஸ்த்ரியக் கரைக்கு வந்த அந்தப் புலிக்கொசு என்ன பாடு படுத்தியது! பட்டப்பகலிலேயே கடித்தது. திராட்சைப் பந்தலின் கீழ் உட்கார்ந்து ஒரு வாய் மத்தி மீன் தின்ன முடிந்ததா? பிள்ளைகளை வெளியே விடத்தான் முடிந்ததா? மருந்தடித்தோம், மறுவாரமே திரும்பி வந்தது. நேவாதான் சொன்னார்: "ஒரு வீட்ல தண்ணி தேங்கினாலும் தெருவுக்கே கடிதான். சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து தண்ணி நிக்கிற தட்டு, தொட்டியெல்லாம் கவுத்திடணும்."

எல்லோரும் இணங்கினோம், லிபெரோ மாமாவைத் தவிர. அதோ, முன்வரிசையில் முறைக்கிறார்!

"பீப்பாய்த் தண்ணியக் கொட்டிட்டா என் தக்காளிக்கு உங்கப்பாவா வந்து ஊத்துவாரு?"

"கொட்ட வேணாம் மாமா, வலை போட்டு மூடுங்க" என்றார் நேவா.

"மொதல்ல பக்கத்து வீட்டு மார்யானோட பூந்தொட்டித் தட்டைப் போய்ப் பாரு. கொசுவுக்கு நீச்சல் குளமே கட்டி வச்சிருக்கான்!"

அவரும் மார்யானும் முகம் கொடுத்துப் பேசி வருடங்கள் ஆகியிருந்தன. வேறொருவராக இருந்தால் சண்டை மூண்டிருக்கும். நேவா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியா? வாங்க மாமா, கையும் களவுமாப் பிடிப்போம்!"

பிடித்தார். மாமாவுக்கு ருசி கண்டுவிட்டது, வீடு வீடாகப் புகுந்தார். கடைசியில் நேவாவின் கொல்லையிலேயே மழைத்தண்ணீர் தேங்கிய கைவண்டி நிறையக் கொசுப்புழு! "தலைவி வீட்லயே பண்ணை!" என்று தெருவே அதிரக் கூவினார். நேவா விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே நீங்கதான் பரிசோதகர்" என்றார். பரிசோதகர் வீட்டுப் பீப்பாய் திறந்து கிடக்கலாமா? அன்று மாலையே வலை ஏறியது. அதன் பிறகு சனிக்கிழமை தோறும் நேவா கதவைத் தட்டுவார், மாமா பரிசோதிப்பார்.

இப்படி அவர் ஒட்டவைத்த தெரு, அவர் இல்லாமல் நிற்குமா? அதுதான் என் பயம். போன சனிக்கிழமை அடக்கம். முந்தின இரவு நல்ல மழை. துக்கத்தில் யாருக்குத் தட்டும் தொட்டியும் நினைவிருக்கும்? கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கதவைத் தட்டும் சத்தம். லிபெரோ மாமா! கண்கள் சிவந்திருந்தன.

"இன்னிக்குமா மாமா?"

"மழை பெஞ்சிருக்குல்ல? கொசுவுக்கு என்ன துக்கமா? வந்து கவுத்து."

அவருக்குப் பின்னால் மார்யான் நின்றிருந்தார். இருவரும் சேர்ந்து அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள்.

தலைவி நேவா அவர்களே! நிம்மதியாக உறங்குங்கள். நாளை சனிக்கிழமை. தட்டுவதற்கு ஆள் இருக்கிறது. கதவைத் திறப்போம் என்று உங்கள் தெரு உறுதி கூறுகிறது.