குழாயில் போடாத துளை

மீன் தொட்டி சத்தம் போடுகிறது என்று பலர் குறைபட்டுக்கொள்வார்கள். என் வீட்டுத் தொட்டி சத்தம் போடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

கட்டட அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டவன் நான். ஓய்வு பெற்றதும் கூடத்தில் நான்கடி நீளத் தொட்டி ஒன்று வைத்தேன். அதன் கீழே அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. அதைச் சம்ப் என்பார்கள். மேலே நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு குழாயில் சம்புக்கு இறங்கும். அங்கே வடிகட்டிய தண்ணீரைப் பம்ப் இன்னொரு குழாயில் மேலே ஏற்றும். ஏறிய தண்ணீர் தொட்டியில் விழும்போது சளசளவென்றது.

"தலைமாட்டுல யாரோ பாத்திரம் கழுவுற மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி.

உடனே அந்தக் குழாயின் வாயை ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீருக்குள் இறக்கி, அசையாதபடி ஒட்டினேன். சத்தம் நின்றது. அவளுக்காகத்தான் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் தம்பி குழாய் வேலை செய்கிறவன். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அத்தான், பம்ப் நின்னுச்சுன்னா இந்தக் குழாயே தண்ணியத் திருப்பி உறிஞ்சிடும். ஒரு சாண் தண்ணி கீழ இறங்கினா சம்ப் தாங்குமா? தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, குழாய்ல சின்னதா ஒரு ஓட்டை போடுங்க. அதுல காத்து புகுந்தா உறிஞ்சுறது நின்னுடும்."

"பம்ப் நிக்காது. இன்வெர்ட்டர்ல போட்டிருக்கேன்."

"ஒரு ஓட்டைக்கா இவ்வளவு வீம்பு? பாருங்க, ஒருநாள் நீங்க கூடத்துல நீந்துவீங்க. நான் டிக்கெட் வாங்கிட்டு வந்து பார்ப்பேன்."

மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வரைபடத்தில் இல்லாத துளையை நான் போடுவதில்லை, அவ்வளவுதான். நான்கு வருடம் தரை நனையவில்லை. அவன் வரும்போதெல்லாம் வாசலிலேயே செருப்போடு நின்று, "உள்ள வரலாமா, இல்ல படகு அனுப்புறீங்களா?" என்பான். நான் பதில் சொல்லமாட்டேன். உலர்ந்த தரையே பதில்.

பிறகு அவளுடைய நுரையீரல் கெட்டுப்போனது. ஆக்சிஜன் மெஷின் வந்தது. மீன்களைப் பார்த்தபடி படுத்திருக்க வேண்டும் என்று அவளே கேட்டதால் கட்டிலைக் கூடத்தில் போட்டோம். தொட்டியை அவள் சக்களத்தி என்பாள். "அவளுக்குத் தீனி போட்டாச்சா? அப்ப எனக்கு ஒரு வாய் காப்பி கிடைக்குமா?" இப்போதும் காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன்.

மெஷினைப் பொருத்த வந்தவர் இன்வெர்ட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கரண்ட் போனா மெஷின் மட்டும் இதுல ஓடட்டும் சார். கூட எதையும் சேர்க்காதீங்க. ரெண்டைத் தாங்காது." தலையாட்டினேன்.

அன்று காலை பதினொரு மணிக்கு மச்சினன் போன் செய்தான், அரை மணியில் வருவதாக. போனை வைத்த சற்று நேரத்தில் மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. இரண்டில் ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும்.

நிதானமாகத்தான் யோசித்தேன். பம்பைப் பிடுங்கினால் நாலைந்து வாளித் தண்ணீர் தரையில் ஓடும். வயர்கள் இருக்கின்றன, இரும்புக் கட்டில் இருக்கிறது. ஸ்விட்ச் போர்டு இடுப்புயரத்தில்தானே இருக்கிறது என்பீர்கள். ஈரம் ஈரம்தான். பொறுப்புள்ளவன் செய்வதைச் செய்தேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். இன்வெர்ட்டர் அமைதியானது.

"என்னங்க, மெஷின் நின்னுபோச்சு."

"கரண்ட் இல்ல. இப்ப வந்துடும்."

அவள் தொட்டியைப் பார்த்தாள். பம்பின் ஓட்டத்தில் செடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"அவளுக்கு மட்டும் இருக்கே," என்றாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

ஒரு அட்டையை எடுத்து விசிறினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, பிளக் கிடந்த பக்கமாக இழுத்தாள். "பொறு, உன் தம்பி வந்துட்டே இருக்கான்," என்றேன். அதில் பொய் இல்லை. சுமார் இருபது நிமிடத்தில் பிடி தளர்ந்தது. நான் விசிறுவதை நிறுத்தவில்லை.

அவன் வந்தபோது தரை உலர்ந்திருந்தது. அவன் தரையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான், பிறகு பிளக்கை.

"பம்பைப் பிடுங்கியிருக்கலாமே அத்தான்," என்று அழுதான்.

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் தரை நனையும் என்று சொல்ல வேண்டியிருக்கும், அவன் துளையில்லாத குழாயை நிமிர்ந்து பார்த்திருப்பான்.

அவன் கொடுத்த புகாரின் பேரில் வந்திருக்கிறீர்கள். கொன்றீர்களா என்று கேட்டீர்கள். ஆம். மூச்சுவிட முடியாது என்று தெரிந்தே பிடுங்கினேன். தெரிந்தே திரும்பச் செருகவில்லை. வேறு வழி இருக்கவில்லை என்பதுதான் என் நிலை. அதிலிருந்து யாருக்காகவும் இறங்கமாட்டேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. உறவினர்கள் எல்லாரும் கிளம்பிப் போன மறுநாள், டிரில்லரை எடுத்து அந்தக் குழாயில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டேன். நான்கு நிமிடம் ஆனது. பம்பை நிறுத்திப் பார்த்தேன். தண்ணீர் இரண்டு விரல் இறங்கியது, துளைக்குள் காற்று புகுந்தது, நின்றுவிட்டது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

மச்சினன் சொன்னதால் போட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.