பதினேழாம் எண்ணின் இரத்தம் குறித்து, ஓய்வுபெறும் ஆய்வகத் தலைவருக்கு

ஐயா, நாளைக் காலை போடவிருக்கும் தடுப்பூசியை நிறுத்துங்கள்!

வணக்கத்துக்கு முன்பே கோரிக்கை வைப்பது மடலுக்கு அழகன்று. "வழியனுப்பு விழாவுல அதை மட்டும் பேசிடாதம்மா, பாராட்டி நாலு வரி எழுதுனாப் போதும்" என்று துணைத் தலைவர் மூன்று முறை சொன்னார். இம்மடலை எழுதி வாசிக்கும் இவளோ, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் பள்ளியையே தாண்டியிருக்க மாட்டாள். ஆகவே கோரிக்கை முதலில், பாராட்டு அடுத்து. இரண்டும் மெய்.

எச்.ஐ.வி. கிருமியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைத் தேடி, முப்பத்தோராண்டு முதுகு வளைத்த முதல்வரே! நோயாளியைத் தொடவே பலரும் தயங்கிய நாளில், கட்டிலோரம் அமர்ந்து கதை பேசிக் குருதி எடுத்த கருணைக் கரத்தீர்! சொந்த முடிவுகளையே இருமுறை குப்பையில் எறிந்து, "தப்புன்னா தப்புதான்யா, அழுதுட்டு அடுத்த சோதனைத் தட்டை எடுங்க" என்று சிரித்த உங்கள் சான்றாண்மையை இக்கூடம் மறவாது!

அந்த மனிதரைத்தான் இவள் தேடுகிறாள்.

பதினேழாம் எண்ணுக்குரிய எச்.ஐ.வி. நோயாளியின் இரத்தம், சோதனைத் தட்டில் எல்லா வகை எச்.ஐ.வி.யையும் தடுத்தது. அதில் அரிய எதிர்ப்பொருள் இருப்பதாக நம்பி, அதையே மற்றவர் உடலிலும் ஊறவைக்க நீங்கள் தடுப்பூசி வடிவமைத்தீர்கள். சென்ற மாதம் இவள் அதே இரத்தத்தைத் தொடர்பே இல்லாத வேறொரு கிருமியோடு கலந்து பார்த்தாள். அதையும் தடுத்தது! எச்.ஐ.வி.க்கென்றே உருவான எதிர்ப்பொருள் அதைச் செய்யாது; இரத்தத்தில் கலந்த எச்.ஐ.வி. மாத்திரையின் மருந்து செய்யும். இரத்தம் கொடுப்பவரிடம் பேசக் கூடாது, எண்ணே பெயர் என்பது நம் ஆய்வகத்தின் இன்றைய வழக்கம். இவள் அதை மீறி, கையில் எண் சீட்டோடு வந்த அவரை மாடிப்படியில் மறித்தாள்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. மாத்திரை போடறீங்களா?"

"நாலு வருசமா போடறேன் தங்கச்சி. இல்லைன்னா என்னிக்கோ போய்ச் சேந்திருப்பேன்! மாத்திரை போடறவனை ஆய்வுல சேக்க மாட்டாங்கன்னாங்க, மறைச்சேன். அப்புறம் பெரியவரு என் ரத்தத்தைப் பாத்து அவ்ளோ சந்தோசப்பட்டாரு. எந்த வாயால சொல்ல?"

ஓடி வந்து உங்களிடம் சொன்னாள். நீங்கள் கோபித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

"தெரியும்மா. நானும் ஒரு தட்டு ஓட்டிப் பாத்துட்டேன். என்னை நிம்மதியா அனுப்பி வைங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்பது யாருக்கு, ஐயா? நாளை ஊசி போட்டுக்கொள்ளும், நோயே இல்லாத நாற்பது பேரின் இரத்தம், ஊசியால் ஊறும் எதிர்ப்பொருளால் இனி வேறெங்கு சோதித்தாலும் நோயுள்ளதுபோலக் காட்டக்கூடும். வேலை கேட்கும் இடத்தில், பெண் கேட்கும் இடத்தில் அவர்கள் பதில் சொல்லித் திரியவேண்டும். ஊருக்கு நல்லது என்று நம்பித்தான் அதற்கும் சம்மதிக்கிறார்கள். பயனில்லை என்று உங்களுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

மூட்டுவலி தீண்டாமல், முன்கோபம் தணியாமல், மருத்துவர் முகமே மறந்துபோகும்படி நெடுங்காலம் வாழ்க!

அந்த நாற்பது பேரும் இப்போது கீழ்த்தளத்தில் ஒப்புதல் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மடலை மேசைமேல் வைத்துவிட்டு இவள் அவர்களிடம் போகிறாள். நீங்கள் வந்தால் நீங்களே சொல்லலாம். வராவிட்டால் இவள் சொல்லுவாள். லிஃப்ட் ஓடவில்லை. படியில்தான் இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊழியர் அனைவர் சார்பிலும் எழுதச் சொல்லப்பட்டு, தன் சார்பில் மட்டும் கையொப்பமிட்டு வெளியேறும்
இளநிலை ஆய்வாளர்