மலை மேல கடல்

கொல்லிமலை அடிவாரத்தில், யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் சேலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். "உங்க மலை மேல கடல் இருக்குதுங்களா?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டது காதில் விழுந்தது.

"ஆமாங்க சாமி," என்றாள் பலாப்பழம் விற்க இறங்கி வந்திருந்த மலைக்காரப் பெண்.

மாணவருடைய ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆராய்ச்சிக்கு மொதப் பயிற்சியே கேள்வி கேக்கறதுதானப்பா. 'ஆமா'ன்னு முடியாத ஒரு கேள்வி கேளு. இல்லாட்டி நாளைக்கு மத்தவங்க மலையேறட்டும், நீ கீழயே இருந்து சமையலைப் பாரு."

"எதைக் கேட்டாலும் ஆமாங்கறாங்க சார். சாமை வெளையுமான்னேன், ஆமா. கோதுமைக்கும் ஆமா. அதான் கடலைக் கேட்டுப் பாத்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். "புதுசா வந்தவங்க ஆசையாக் கேக்கறப்ப, இல்லீங்கன்னு எப்படிச் சொல்றதுங்க? அது கெடக்குது, மொகம் வாடியிருக்குதே, சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"பொய்யி. காத்தால இருந்து பச்சத்தண்ணி குடிக்கலை," என்றார் ஆசிரியர்.

அவள் ஒரு பழத்தைப் பிளந்து சுளைகளை நீட்டினாள். மாணவர் இரண்டு தின்றார். மூன்றாவதைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஏனுங்க, வெட்டறதுக்கு முந்தியே இது பழுத்திருக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தட்டுனாச் சத்தம் மாறுமுங்க. இங்க வந்து காதை வெய்யுங்க, காயையும் பழத்தையும் தட்டிக் காட்டறேன்."

"நாளைக்கு நீயும் மலைக்கு வாடா," என்றார் ஆசிரியர்.

பலாவில் காதை வைத்திருந்தவருக்கு அது கேட்கவில்லை.