லிப்ட் மெக்கானிக்கின் சட்டையில் இருந்த கிரீஸ் குறித்து அவர் மனைவி சொன்னது

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தொன்பது. வீட்டைக் கவனித்துக்கொள்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறத் தெருவில், சைக்கிள் கடைக்கு மேலே உள்ள வாடகை வீட்டில் கணவருடனும் மாமியாருடனும் குடியிருக்கிறேன். என் கணவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் பராமரிக்கும் மெக்கானிக். ஒரு கட்டடத்தில் லிப்ட் பாதி வழியில் குலுங்கி நின்று, உள்ளே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வழக்கில் அவரைக் காவலில் வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் அவர் மெஷினுக்குக் கிரீஸே வைக்காமல், வைத்ததாகச் சொல்லி ஏமாற்றிவிட்டுப் போனார் என்று கட்டட மேலாளர் கொடுத்த புகாரை இன்ஸ்பெக்டர் ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். அது பச்சைப் பொய். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன்.

முந்தின நாள் காலையில் அவர் போட்டுக்கொண்டு போனது வெளிர் நீலச் சீருடைச் சட்டை. நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் அவர் திரும்பி வந்தபோது சட்டைப் பைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கும், இடது கை மடிப்பிலும் கிரீஸ் அப்பியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. "ஏங்க, கிரீஸை லிப்டுக்கு வச்சீங்களா, சட்டைக்கு வச்சீங்களா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "ரெண்டுக்கும் பாரபட்சம் பாக்காம வச்சேன். இந்தா, உன் கைவரிசையைக் காட்டு" என்று சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். மாமியாரும் கூடத்தில் இருந்து இதைக் கேட்டுச் சிரித்தார்.

சீருடை அழுக்காக இருந்தால் குடியிருப்பவர்கள் முன்னாலேயே அவருடைய மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி பேசுவார் என்பதால் உடனே வேலையை ஆரம்பித்தேன். கறை முதுகுப் பக்கம் இறங்காமல் இருக்கச் சட்டைக்குள் பழைய செய்தித்தாளை மடித்து வைத்தேன். அதன் பிறகு ஸ்பூனின் விளிம்பால் மேலாக இருந்த கிரீஸை வழித்தெடுத்தேன். மாமியார், "மண்ணெண்ணெய் ஊத்தித் தேயேன், ஒரு நிமிஷத்துல போகும்" என்றார். "போகும் அத்தை, சட்டையும் சேர்ந்து போகும்" என்றேன். அதன் பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைக் கறையின் மேல் தாராளமாகக் கொட்டி, அது எண்ணெயைக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு இரவுச் சமையலை முடித்தேன். அதன் பிறகு பவுடரை உதறிவிட்டு, தண்ணீர் படாமல், பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைத் துணியின் உள்பக்கத்திலிருந்து, ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு விரலால் தேய்த்து ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினேன். லேசாக நிழல் தெரிந்தது. சூடு பட்டால் கறை நிலைத்துவிடும் என்பதால் இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல், திரும்பவும் சோப்புப் போட்டு அலசிக் காற்றில் உலர்த்தினேன். இப்படித்தான் கறையை எடுத்தேன். காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கறை இருந்த இடமே தெரியவில்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஐயா கேட்டதன் பேரில் சொல்கிறேன். ஸ்பூனில் வந்த கிரீஸ் தேன் நிறமாக, வழவழப்பாக இருந்தது. மெஷினில் ஓடித் தேய்ந்த பழைய கிரீஸ் கறுத்துப்போய், விரலில் நெறுநெறுக்கும். இத்தனை வருடம் அவர் சட்டையைத் துவைத்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். நான் எடுத்தது அன்றைக்கு வைத்த புதுக் கிரீஸ். செய்தித்தாளையும் ஸ்பூன் துடைத்த துணியையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். விபத்துக்குப் பிறகு மேலாளர் வேறு ஆளை வைத்து மெஷினைப் பளபளவென்று துடைத்து வைத்தார் என்று, காவலில் பார்க்கப் போனபோது கணவர் சொன்னார். அதை நான் நேரில் பார்க்கவில்லை.

அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. கிரீஸ் வைக்காததால்தான் விபத்து என்று சொல்லி அவரைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் வேலை செய்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே தேய்த்துத் தேய்த்து அலசி ஊற்றியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலையில் மாமியார், என் கணவர் வீட்டில் வைத்திருக்கும் கிரீஸ் டப்பாவை என் முன்னால் கொண்டுவந்து வைத்து, "கொஞ்சம் தடவி எடுத்துட்டுப் போடி. உன் சாமர்த்தியத்தால எம் புள்ள உள்ள கெடக்கணுமா?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, பெற்ற வயிறு. நானும் டப்பாவைத் திறந்து விரலில் எடுத்துச் சட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். யோக்கியம் பார்த்து நிறுத்தவில்லை, பயந்துதான் நிறுத்தினேன். நான் தடவியது பிடிபட்டால், அவர் நிஜமாக வைத்த கிரீஸும் பொய்யாகிவிடும். விரலைத் துடைத்துவிட்டு, சட்டையை இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு வந்தேன். அது இப்போது மேசை மேல் இருக்கிறது. அதில் ஒன்றும் இல்லை.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டியபோது, நான் சட்டையைத் துவைத்ததைச் சொன்ன இடத்தில் "தடயத்தை அழித்தேன்" என்று இருந்தது. அதை மாற்றச் சொன்னேன். எழுத்தர், "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார். "இல்லைங்க ஐயா. அழிச்சேன்னு எழுதினா நான் எதையோ மறைச்ச மாதிரி ஆகும். கறையை எடுத்தேன்னு எழுதுங்க. இருந்தாத்தானே எடுக்க முடியும்?" என்றேன். எழுத்தர் இன்ஸ்பெக்டர் ஐயாவைப் பார்த்தார். அவர், "அந்தம்மா சொல்றபடியே எழுதுய்யா" என்றார்.

அதன்படி அந்தச் சொற்கள் அடிக்கப்பட்டு, மேலே "கறையை எடுத்தேன்" என்று எழுதப்பட்டது. மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, எல்லாம் உண்மை, யார் தூண்டுதலும் இல்லை. கடைசியிலும், திருத்திய இடத்தின் ஓரத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
லிப்ட் மெக்கானிக்கின் மனைவி