தாமத ஏறுநர்

மனிதகுலத்தின் முன்னேற்றம் என்பது, ஆற அமர யோசித்தால், காத்திருப்பைக் குறைக்கும் முயற்சி மட்டுமே. சக்கரம் அதற்காக வந்தது, தந்தி அதற்காக வந்தது, சாம்ராஜ்யங்கள் சாலை போட்டதும் அதற்காகத்தான். இந்த உண்மையை நான் மத்தியப் பேருந்து நிலையத்தின் கழிவறை வாசலில், உள்ளே போனவர் வெளியே வராத ஒரு நெருக்கடியில் கண்டுபிடித்தேன். திட்டம் எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டீர்கள். அங்கிருந்துதான்.

தேநீருக்கு நன்றி. வேண்டாம், அந்த நல்ல நாற்காலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சுவரோரத்து நாற்காலி போதும்.

பக்கத்து அறையில் விபத்து நடந்த பேருந்தின் ஓட்டுநரையும் விசாரணைக்கு உட்காரவைத்திருக்கிறீர்கள். வரும்போது கதவிடுக்கில் பார்த்தேன். வேலையிலிருந்து நிறுத்திவைத்து இத்தனை வாரமாகிறது, ஆனாலும் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவர் மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரை விட்டுடுவாங்களாம் சார். செயிலுக்குப் போற ஆளா சார் அவரு? வீட்டுல பல்லி விழுந்தாலே என்னைக் கூப்பிடுற மனுசன்" என்றாள். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த நகரப் பேருந்துக் கழகத்தின் திட்டப் பிரிவுத் தலைவர். எங்களுடையதைப் பெரிய நகரம் என்றால் பெரிய நகரங்கள் சிரிக்கும். சிறிய ஊர் என்றால் எங்கள் மேயர் அழுதுவிடுவார். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தார்' என்று குறிப்பிடுகிறார்கள். சாலைகளோடு எனக்குள்ள பிணைப்பை அது காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நான் பொறுப்பேற்றபோது எங்கள் பேருந்துகள் வந்தால் வந்தன. கேட்டால் நெரிசல் என்பார்கள், இன்ஜின் என்பார்கள், மழை என்பார்கள். வெயில் காலத்திலும் மழை என்பார்கள். நான் யார் பேச்சையும் கேட்காமல் ஒரு நிறுத்தத்தில் போய் நின்று பார்த்தேன். பேருந்து ஓடும்போது தாமதமாவதில்லை. நிற்கும்போதுதான் தாமதமாகிறது. நிற்பது எதனால்? ஆட்கள் ஏறுவதால். இதை எனக்கு முன்னால் யாரும் கவனிக்கவில்லை என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

எல்லா ஆட்களும் அல்ல. பாதிப் பேர் பேருந்து நிற்பதற்குள்ளேயே தொற்றிக்கொள்கிறார்கள். மீதிப் பேரில்தான் சங்கடம். கம்பியைப் பிடிப்பார்கள், ஒரு காலை வைப்பார்கள், மூச்சு வாங்குவார்கள், மறுகாலை எங்கே விட்டோம் என்று யோசிப்பார்கள். அவர்களுக்கு நான் 'தாமத ஏறுநர்' என்று பெயர் வைத்தேன். அதுவரை வயதானவர், நோயாளி, கர்ப்பிணி, கால் ஊனமானவர் என்று ஆளுக்கொரு பெயர் இருந்தது. திட்டமிட அது தோதாக இல்லை.

எங்கள் மேலாண் இயக்குநரிடம் இதை எடுத்துச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். எந்த முடிவையும் அடுத்தவர் எடுக்கும்வரை பொறுமையாக இருப்பார்.

"அவங்களை ஏத்தாதேன்னு சொல்ல முடியாதேப்பா. பேப்பர்காரன் நாறடிச்சுடுவான்" என்றார்.

"ஏத்த வேண்டாம்னு யாரு சார் சொல்றது? ஸ்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அவங்களே வரமாட்டாங்க."

அவர் பிஸ்கெட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் அலுவலகத்தில் ஒப்புதல் என்பது அதுதான்.

திட்ட அறிக்கையில் இதற்கு 'இயல்பான விலகல்' என்று தலைப்பிட்டேன். மருத்துவமனைப் பக்கத்து நிறுத்தங்களை மேட்டுக்கு மேலே கொண்டுபோனோம். சில நிறுத்தங்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றினோம். பெஞ்சுகளை எடுத்துவிட்டோம், நிற்க முடியாதவர்கள்தான் பெஞ்சைத் தேடுகிறார்கள். ஓட்டுநர் முன்னால் ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினோம். பேருந்து பிந்தினால் அது சிவப்பாக எரியும். சிவப்பு எரியும்போது, நிறுத்தத்தில் ஆள் நின்றால் ஒழியப் பேருந்தை நிறுத்தக்கூடாது. அதிகம் எரியவிட்டவர்களுக்கு வார விடுமுறையைக் கடைசியாகத்தான் ஒதுக்குவோம். விளக்கு என் யோசனை. நிறத்தைக்கூட நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

விலகினார்கள். நான் சொன்னபடியே விலகினார்கள். எங்கே போனார்கள் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அது வேறு துறை.

இனி என் அக்காவுக்கு வருகிறேன்.

அம்மா போனபிறகு என்னை வளர்த்தது அவள்தான். தையல் மெஷினை மிதித்து மிதித்து என்னைப் படிக்கவைத்தாள். அதில் அவளுடைய வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒரு பிள்ளையை வளர்த்ததே போதும், இன்னொண்ணு மீசையோட வேற வரணுமா" என்பாள். எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தாள். சிறுநீரகம் கெட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேருந்தில்தான்.

எனக்கு அலுவலகக் கார் உண்டு. அதைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்துவதில்லை என்பது என் கொள்கை. மைத்துனன் கல்யாணத்துக்கு எடுத்துப்போனதை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மண்டபம் அலுவலகம் போகிற வழியில் இருந்தது.

அப்போதெல்லாம் பேருந்து பெரிய சாலையிலிருந்து ஒடித்து எங்கள் தெருவுக்குள் வந்து, எங்கள் வீட்டு மதிலை ஒட்டி நின்று, திரும்பிப் போகும். அக்கா ஏறுவதற்குள் ஒரு நாடகமே நடந்துவிடும். கண்டக்டர், "நீங்க ஏறி முடிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்மா" என்பான். "ஆனா என்னப்பா, அப்பவாவது சும்மா இருப்பியே, வந்து கை குடு" என்பாள் இவள். வண்டியே சிரிக்கும். அதுவரை பயணிகள் எல்லாரும் ஜன்னல் வழியாக எங்கள் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்க்க அப்படி ஒன்றுமில்லாத தெரு.

முதல் கட்டத்தில் அந்த வளைவை நீக்கினேன். பேருந்து நேராகப் பெரிய சாலையிலேயே போகும். மருத்துவமனைப் பக்கம் போகிறவர்களுக்கு நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். நடைமேம்பாலம் இரண்டாம் கட்டத்தில்.

திட்டத்தின் வண்ணப் பிரசுரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. என் மனைவி பார்த்துவிட்டு, "அண்ணி எப்படிங்க அந்த ரோட்டைத் தாண்டுவாங்க?" என்றாள்.

"பாலம் வருது."

"எப்ப வருது?"

"இரண்டாவது கட்டத்துல."

அக்கா பிரசுரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். அட்டையில் ஓவியர் ஒரு புது நிறுத்தத்தை வரைந்திருந்தார். நரைத்த தலையோடு ஒரு அம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள். "டேய், இந்தம்மா எப்படிடா ரோட்டைத் தாண்டினாங்க? ஓவியர் தூக்கிட்டுப் போய் விட்டாரா?" என்றாள்.

நான் எல்லாப் பயணிகளுக்கும் சேர்த்து மிச்சமாகும் நேரத்தைப் பற்றி விளக்கினேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். சின்ன வயதில் நான் பாடத்தை ஒப்பிக்கும்போதும் அப்படித்தான் தலையாட்டுவாள். கடைசியில், "சரி விடுடா. நான் கொஞ்சம் முன்னாடியே கிளம்பிக்கறேன்" என்றாள். ஒத்துழைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

மற்றவர்கள் விலகியதுபோல் அவள் விலகவில்லை. டயாலிசிஸ் என்பது விலகக்கூடிய காரியம் இல்லையாம். எனக்கு அது தெரிந்திருந்ததா என்கிறீர்கள். தெரியும். ஆனால் திட்டக் கூட்டத்தில் யாரும் அதை எழுப்பவில்லை.

அந்தக் காலை பற்றி உங்களிடம் எல்லாம் இருக்கிறது. அன்று வீட்டில் ஒரு சின்ன வேலை; அதனால் அவள் கிளம்பத் தாமதமாகிவிட்டது. அவள் சாலையின் நடுத்தடுப்பு வரை போய்விட்டாள். அங்கிருந்து பேருந்து வருவதைப் பார்த்துக் கையைக் காட்டினாள். ஓட்டுநர் முன்னால் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்தத்தில் ஆள் இல்லை. விதிப்படி அவர் நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தப் போவதாகவும் தெரியவில்லை. நடுத்தடுப்பில் நிற்கிறவர் நிறுத்தத்தில் நிற்கிறவர் ஆகமாட்டார். அவள் அங்கே நின்றால் வண்டி போய்விடும் என்று கணித்திருக்கிறாள். கணிப்பு சரிதான். அதனால் வண்டிக்கு முன்னால் சாலையில் இறங்கினாள். வாழ்நாளில் முதல் தடவையாக வேகமாக இறங்கினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எனக்குப் போன் வந்தது. டெப்போ கண்காணிப்பாளர் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். நான், "வண்டி எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்று கேட்டேன். அவர் அதை உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. பழக்கம், வேறொன்றுமில்லை. எந்த விபத்துக்கும் அதைத்தான் முதலில் கேட்பேன்.

இங்கே வருவதற்கு முன் மேலாண் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "உனக்கே இப்படி ஆயிடுச்சேப்பா. மனசுல வச்சுக்காதே. டிரைவர் கவனமில்லாம ஓட்டிட்டான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துடு. அடுத்த மாசம் உன் திட்டத்துக்கு விருது விழா வேற இருக்கு" என்றார். பிஸ்கெட் தட்டையும் நகர்த்தினார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

யோசித்துப் பாருங்கள். நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்தது நான். விதியை எழுதியது நான். விளக்கைப் பொருத்தியது நான். ஓட்டுநரின் கால் மிதித்தது. மிதிக்கச் சொன்னது என் விளக்கு. திட்டம் இம்மி பிசகாமல், வகுத்தபடி வேலை செய்திருக்கிறது. அதைப் போய் ஒரு ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதினால், என் உழைப்புக்கு என்ன மரியாதை? பல்லிக்குப் பயப்படுகிற ஒருவர் பெயரில் என் வேலையை எழுதிவைக்க நான் சம்மதிக்கமாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்: என் அக்காவைக் கொன்றது என் திட்டம். திட்டம் என்றால் நான். ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நீங்கள் இன்னொன்று கேட்கிறீர்கள். எல்லா நிறுத்தங்களிலும் மோசமானது சந்தை நிறுத்தம் என்று என் அறிக்கையே சொல்லும்போது, முதலில் எங்கள் தெருவில் ஏன் கை வைத்தேன் என்கிறீர்கள்.

சீர்திருத்தத்தைச் சொந்த வாசலிலிருந்து தொடங்குவது நேர்மை அல்லவா? விருதுக் குழுவிடமும் அதைத்தான் சொன்னேன். கைதட்டினார்கள்.

நீங்கள் கைதட்டவில்லை. என் மனைவியிடம் பேசிவிட்டீர்கள் போலிருக்கிறது.

சரி. எங்கள் வீட்டு மதில், நடந்துபோகிறவர்களுக்கு உயரமானது. பேருந்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குட்டையானது. மதிலுக்கு உள்பக்கம் ஒரு குழாயடி. குளியலறைத் தரையில் கறை படிகிறது என்று மனைவி அனுமதிக்காததால், வாரத்தில் ஒரு நாள் காலையில் நான் அங்கேதான் உட்காருவேன். இடுப்பில் பழைய துண்டு, தலையில் கறுப்புச் சாயம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை. ஒரு நாள் அக்கா பேருந்தில் ஏறிக்கொண்டே இருந்தாள். வண்டி நின்றுகொண்டே இருந்தது. ஜன்னலோரம் எங்கள் அலுவலகத் தட்டச்சர் உட்கார்ந்திருந்தாள். மரியாதையான பெண். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மத்தியானத்துக்குள் நான் 'தார்' ஆகிவிட்டேன்.

மறுவாரமே வளைவை நீக்கும் வரைபடத்தைத் தொடங்கினேன்.

சாயத்தைக் கிண்ணத்தில் கலக்கிக் கொடுப்பது அக்காதான். முன்பக்கம் நானே பூசிக்கொள்வேன். பின்பக்கம் அவள் பூசிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவாள். கடைசி நாளும் பூசிவிட்டுத்தான் போனாள். அதுதான் நான் சொன்ன சின்ன வேலை.

எழுந்துகொள்ளட்டுமா? நீங்கள் முதலில் போங்கள், நான் பின்னால் வருகிறேன். பின்பக்கம் நரைத்திருக்கிறது. எனக்குக் கை எட்டாது.