நிழலை நிறுத்திய சண்டை

துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். எனக்கு அவசரமில்லை. எனக்கு முன்னால், திருத்தி எடுத்த கொம்பியூட்டர்ப் பெட்டியோடு ஒரு புருஷனும் பெண்சாதியும்.

"விளையாட்டில நிழல் விழுறதை நிப்பாட்டினால் பெட்டி சூடாகாமல் சண்டை ஓடுமப்பா," என்றான் புருஷன்.

"மரத்தையும் புகையையும் முதலே நிப்பாட்டினீங்கள். பெட்டி எரிஞ்சதுதான் மிச்சம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதினை முடியுமட்டும் விளையாட்டுக் கிடையாது."

"படம் காட்டுற கிராபிக்ஸ் காட் தனியா இருந்திருந்தால் எரிஞ்சிராது."

"ஓம், உங்களுக்கும் மூளையைத் தனியாப் பூட்டியிருக்கலாம்."

கடற்படைக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்தான். "தனிக் காட் இல்லையா? பாவம். நம்ம முகாமிலயும் இப்பிடித்தான், சண்டை விளையாட்டு ஓடாது," என்றான் உடைந்த தமிழில்.

புருஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீரா?"

சாவடியைத் தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "வெளியில பிடிக்கிற சண்டை காணாதெண்டு நேவிக்காரருக்கும் விளையாட்டுச் சண்டை வேணுமாம். நடவுங்கோ, பெட்டி பிள்ளை படிக்கிற மேசைக்குத்தான்."